நடீன் ரிக்டரின் கல்யாண மிட்டாய்

1957 ஆகஸ்டு பத்தாம் தேதி மாலை நான்கு மணி முதல், ரிக்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் வாயிலிருந்து பனி ஊதினார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அன்று சட்டை முதுகில் ஒட்டும் புழுக்கம். ஆனாலும் பாஸ்டர் கோர்ட்ஸ் ஆசி சொல்லி முடிப்பதற்குள் ஜன்னல் கண்ணாடிகளில் பனி படிந்தது, கத்தி இறங்காதபடி வெண்ணெய் இறுகியது, கேக்கின் மேல் இருந்த சர்க்கரை ரோஜாக்கள் கல்லாயின. மணப்பெண் நடீன் செய்த பெப்பர்மின்ட் மிட்டாய்தான் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

செயின்ட் ஜான்ஸ் ஊருக்கு வடக்கே, புதினா விளையும் எங்கள் பக்கத்தில் கல்யாண மிட்டாயை மணப்பெண்தான் செய்ய வேண்டும், அதுவும் மாமியார் சமையலறையில், மாமியார் கை படாமல். க்ரீம் சீஸையும் பொடித்த சர்க்கரையையும் பிசைந்து, பெப்பர்மின்ட் சேர்த்து, இலை வடிவ அச்சில் அழுத்தி, துணி விரித்த தட்டுகளில் இரண்டு நாள் உலர விடுவார்கள். நடீன் டொலீடோ நகரத்துப் பெண். அங்கே பெப்பர்மின்ட் என்றால் கடையில் வாங்கும் சின்னக் குப்பி, முக்கால்வாசி சாராயத்தில் கரைத்தது. ஒரு கலவைக்கு இரண்டு தேக்கரண்டி ஊற்றுவார்கள். அவளுடைய மாமியார் ஹுல்டாவின் அலமாரியில் இருந்ததோ ரிக்டர் வயலில் விளைந்த புதினாவைச் சொந்தக் கொட்டகையில் ஆவியில் வேகவைத்து வடித்த சுத்தமான எண்ணெய். அதில் நாங்கள் பல்குச்சியின் நுனியைத் தொட்டு மாவில் ஒரு சுற்றுச் சுற்றுவோம், அவ்வளவுதான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆறு கலவைக்குப் பன்னிரண்டு தேக்கரண்டி ஊற்றினாள். கண்ணில் நீர் வழிந்தது. இந்த ஊர்ச் சரக்கு நல்ல சரக்கு என்று மகிழ்ந்துகொண்டாள்.

விருந்தாளிகள் அந்தக் கோடையைக் குறையில்லாமல் கழித்தார்கள். பால் கேன்களை ஊதியே குளிர வைத்தார்கள். காய்ச்சல் கண்ட குழந்தைகளின் நெற்றியில் சித்தி, பெரியப்பா என்று முறை வைத்து ஊதினார்கள். ஐஸ்காரர் இரண்டு மாதம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. நவம்பரில் வான்கோழி விருந்துக்கு உட்கார்ந்தபோது எல்லோருடைய மூச்சும் பழையபடி சூடாகியிருந்தது, நடீனுடையதைத் தவிர. அவள் ஒவ்வொரு தட்டிலும் ருசி பார்த்திருந்தாள், கடைசியில் பாத்திரத்தையும் வழித்து நக்கியிருந்தாள்.

அவள் கணவன் வெண்டல் மட்டும் அன்று ஒன்றுகூடத் தின்னவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து கொட்டகையில் எண்ணெய் வடித்தவனுக்குப் புதினா என்றாலே குமட்டும். ஆகவே அவன் மூச்சு சூடு, அவள் மூச்சு குளிர். முகத்துக்கு முகம் இருவரும் நாலு வார்த்தை பேசினால் நடுவில் மூட்டம் போடும். பத்து வார்த்தைக்குத் தூறும். சண்டை என்றால் சொட்டச் சொட்ட நனைய வேண்டியதுதான். முதல் மாதம் சிரித்தார்கள். தலையணைகள் பூஞ்சை பிடித்த பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்கள். நடீன் அதே அளவில் மறுபடி மிட்டாய் செய்து வெண்டலை மூக்கைப் பிடித்துத் தின்ன வைத்துப் பார்த்தாள். மூன்று நாள் விக்கல் எடுத்ததோடு சரி. பிறகு சாப்பாட்டு மேசையில் தலையை ஆட்டிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான்கு வருடம் அப்படிப் போயிற்று. ஹுல்டா ஒருநாள் ஈரச் சுவர்த்தாளை உரித்துக்கொண்டே, "ஏம்மா, வீடு ஒண்ணு வேணும், இல்லன்னா குளம் ஒண்ணு வேணும். ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ ஆகாது" என்றாள். நடீன் டொலீடோவில் இருந்த அக்காவுக்குக் கடிதம் போட்டாள். ஜூலை கடைசிச் சனிக்கிழமை இரண்டு மணி பஸ் என்று முடிவாயிற்று.

அந்த 1961 கோடையில் மே மாதத்துக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. எங்கள் கறுப்பு மண் பழைய சதுப்பு மண். காய்ந்தால் மண்ணே எரியும், அதுவும் மேலே அல்ல, உள்ளே. அந்தச் சனிக்கிழமை காலை ரிக்டர் வயலின் மேற்கு மூலையில் புகை கிளம்பியது. அறுப்புக்கு நின்ற புதினா வேரிலிருந்து வெந்தது. வெண்டல் மண்வெட்டியால் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தான். பெட்டியோடு கிளம்பிய நடீன் சொல்லிக்கொண்டு போகலாம் என்று வயலுக்கு வந்து அவன் எதிரே நின்றாள்.

"பஸ் ரெண்டு மணிக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சும் மண்ணத் தோண்டிக்கிட்டு நிக்கிறே."

"வேற என்ன பண்ணச் சொல்றே? நான் வாயத் தொறந்தா நீ நனையுறேன்னுதானே நாலு வருஷமா மூடிக்கிட்டு இருக்கேன்."

"நனைஞ்சா துடைச்சுக்கத் தெரியாதா எனக்கு? நான் என்ன சர்க்கரைப் பொம்மையா? என்னைப் பிடிக்கலைன்னுல்ல நெனச்சேன்."

"பிடிக்காமயா அந்த மிட்டாயத் தின்னு மூணு நாள் விக்குனேன்?"

அவர்கள் காலடியில் தூறல் பட்டு மண் சீறியது. கீழே பார்த்தார்கள்: இருவரைச் சுற்றிலும் ஒரு கட்டில் அகலத்துக்குப் புகை அடங்கியிருந்தது. நடீன் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். வெண்டல் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவள் எதிரே குந்தினான்.

நான்கு வருடப் பேச்சு பாக்கி இருந்தது. சனி மத்தியானம் தொடங்கி ஒவ்வொரு வரிசையாக நகர்ந்து பேசினார்கள். கல்யாணத்தன்று அவனுக்கு ஷூ கடித்ததையும், அவளுக்கு இந்த ஊர்க் காப்பி ஒருபோதும் பிடிக்காததையும், பிறக்காமல் போன குழந்தைக்கு இருவரும் தனித்தனியே ஒரே பெயரை யோசித்து வைத்திருந்ததையும் பேசினார்கள். அந்தப் பெயரைச் சொன்னபோது இரண்டு ஏக்கருக்கு அடைமழை கொட்டியது. இரண்டு மணி பஸ் சாலையில் போனது. ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஹுல்டா வாய்க்கால் ஓரம் சாண்ட்விச்சோடு வந்து நின்றாள்.

"நிறுத்திடாதீங்க, அந்த மூலை இன்னும் புகையுது" என்றாள். "பேச விஷயம் தீந்துபோச்சுன்னா என்னப் பத்திப் பேசுங்க. அதுக்கே ஒரு ஏக்கர் நனையும்."

"அத நேத்தே முடிச்சுட்டோம்மா" என்றான் வெண்டல். அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நடீன் சிரித்ததில் கடைசி வரிசையும் நனைந்தது.

அந்த வருடம் ரிக்டர் வயலில் பாதி புதினா பிழைத்தது. அதில் வடித்த எண்ணெய் மற்ற வருடங்களைவிடக் கொஞ்சம் காரம் என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். பிறகு வறண்ட கோடைகளில் அக்கம்பக்கத்தார் வந்து கூப்பிட்டால் இருவரும் மடக்கு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வயலில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசிவிட்டு வருவார்கள். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன. மூன்றின் மூச்சும் இதமாக இருந்தது. வயலில் தீ அணைந்த வாரமே அவர்கள் கட்டிலுக்கு ஹுல்டா மெழுகுத்துணியில் விரிப்பும் உறையும் தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம், முன்னறையில் வாடிக்கொண்டிருந்த தன் பெரணிச் செடித் தொட்டிகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிவந்து அவர்கள் தலைமாட்டில் வரிசையாக வைத்தாள். அதற்குப் பிறகு அவற்றுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.