அடிக்காமல் விட்ட நாலு பந்து

ஹெலிகொப்டருக்கு எதிரே பனைமட்டை பிடித்து, ஒரு அடியும் அடிக்காமல் வென்ற ஒரே மனுஷன் இந்த உலகத்தில் நான்தான். புங்குடுதீவில் யாரையும் கேளுங்கள், பொய் என்பார்கள். மூன்று வருஷமாக முதல் ஆளாகச் சொன்னவர் தியாகலிங்கம். அன்று எனக்குப் பந்து போட நின்றவரே அவர்தான்.

எண்பத்தேழாம் ஆண்டு, மாசி மாதம். நான் கப்பலில் இருபத்தாறு வருஷம் சமைத்து, மூன்று சமுத்திரங்களுக்கும் உப்புப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். தியாகலிங்கம் தபாற்கந்தோரில் பென்ஷன் எடுத்தவர். கிரிக்கெற் வர்ணனை கேட்பதற்காகவே ரேடியோ பற்றறியை வெயிலில் காயவைக்கிறவர். பால்ற்றிமோர் துறைமுகத்தில் நான் பார்த்த பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றி வாய் திறந்தால் சிரிப்பார். அன்று பின்னேரம், அதை ஆடிக் காட்டவென்று அவரை மடத்துவெளித் தரவைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒதுங்க ஒரு பற்றையும் இல்லாத வெட்டைவெளி அது. இரண்டு நாளாகக் கடலில் நேவிப் படகுகள் அசையாமல் நின்றன. தொழிலுக்கு யாரும் போகவில்லை. காகங்களைக்கூடக் காணவில்லை.

“விக்கெற் எங்கை?” என்றார்.

“விக்கெற் இல்லை. என்ரை முழங்காலிலையிருந்து நெஞ்சு மட்டும் காத்திலை ஒரு பெட்டி இருக்கெண்டு நினையும். அதுக்குள்ளை வாற பந்தை மூண்டுதரம் விட்டால் நான் அவுட். வெளியாலை நாலு போட்டீரெண்டால், மட்டையைக் கீழை வைச்சிட்டு முதல் மூலைக்குச் சும்மா நடந்து போவன்.”

“அடிக்காமல் நிக்கிறவனுக்குப் பரிசோ? எங்கடை ஆக்களெண்டால் வெளியாலை போறதை எட்டியெண்டாலும் தட்டிப்போட்டு ஓடுவினம்.”

“அதிலைதான் ஆள் துலையிறது. போடுறவனுக்குக் கை அலுக்குமட்டும் பாத்துக்கொண்டு நிக்கோணும். அதுதான் ஆட்டம்.”

“சோம்பேறியளின்ரை ஆட்டம்.”

நான் பனைமட்டையைத் தோளுக்கு மேலே நிமிர்த்திப் பிடித்தேன். அவர் பந்துக்குப் பதிலாகத் தென்னம்பிஞ்சுக் குரும்பட்டி ஒன்றைக் கைக்குள் பொத்தி ஓங்கினார். அப்போதுதான் பனைகளுக்கு மேலால் ஆமி ஹெலி வந்தது.

ஓட்டுகிறவன் காலையில் சவரம் செய்யவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, அவ்வளவு தாழப் பதிந்து வந்தது. காற்று என் சாரத்தை நயினாதீவுவரை கொண்டுபோகப் பார்த்தது. திறந்த கதவில் துவக்கோடு ஒருவன் குந்தியிருந்தான். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு நாங்கள் யாராகத் தெரிவோம் என்று அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. ஒருவன் தோளில் துவக்கோடு நிற்கிறான். மற்றவன் கையில் குண்டு.

“அண்ணை, எறிஞ்சிட்டு ஓடுவம்!” தியாகலிங்கம் என்னை அண்ணை என்றது அந்த ஒரு தரம்தான்.

“எறியாதையும்! ஓடாதையும்! இது வெளியாலை போற பந்து. விடும்.”

அது போய்த் திரும்பி வந்தது. இரண்டாம் தரம் கண்ணெல்லாம் மண். மூன்றாம் தரம் காற்று மட்டையைப் பிடுங்கப் பார்த்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. நாலாம் தரம் அது நேர் மேலே நின்றுவிட்டது. துவக்குக் குழல் என் முழங்காலில் தொடங்கி, மெல்ல மெல்ல நெஞ்சுவரை ஏறியது. நான் இமைக்கவில்லை. பிறகு அது சரிந்து கரைப்பக்கம் போனது.

மட்டையைக் கீழே வைத்தேன். முதல் மூலையென்று வைத்திருந்த பனங்கூடல் அறுபது யார் தூரம். நடந்தோம். பாதி வழியில் கரையிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. அங்கே யாரோ ஓடியிருக்கவேண்டும். தியாகலிங்கம் குரும்பட்டியைப் பொத்தியபடியே நடந்தார்.

மறுநாளே அவர் மறுக்கத் தொடங்கிவிட்டார். “ஹெலியும் வரேல்லை, மண்ணாங்கட்டியும் வரேல்லை. கப்பற்காரன்ரை புளுகு.” மூன்று வருஷம் அதே பேச்சு.

போன கிழமை தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதையைத் திரும்ப எடுத்துவிட்டேன். “ஒன்பது தரம் சுத்தினவன்!” என்றேன். கடை சிரித்தது. எங்கோ கடலுக்கு மேலே ஒரு இரைச்சல் தொடங்கியிருந்தது. சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. தியாகலிங்கத்தின் வலது கை, குரும்பட்டி ஒன்று உள்ளே இருக்கிறதுபோல, மேசைமேல் பொத்தியபடி கிடந்தது.

“ஒன்பதில்லை,” என்றார், அந்தக் கையைப் பார்த்தபடி. “நாலு. நான் எண்ணினனான்.”