கிணற்றடியில் கவிழ்த்த கேன்

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பல் வலியோடு போன ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே படம் கழுவும் அஞ்சலாட்சி சொன்னது. முதலில், 'புதுச்சேரியில் அன்று வெயில்…' என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். வெயிலுக்கு இதில் வேலை இல்லை. பொறாமைக்குத்தான் வேலை.

2
1983. வைத்திக்குப்பத்தை ஒட்டிய தெருவில் கிருஷ்ணசாமி டாக்டரின் பல் ஆஸ்பத்திரி. அங்கே இருட்டறை முழுக்க அஞ்சலாட்சியின் பொறுப்பு. படம் கழுவி முடித்த மருந்துத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

மெட்ராஸில் படித்துவிட்டு ஜெயம் வேலைக்கு வந்தாள். "இத சாக்கடையில ஊத்தாதீங்கக்கா. வெள்ளி கலந்திருக்கு, தண்ணி கெட்டுடும்" என்று ஒரு கேனில் சேர்க்கத் தொடங்கினாள். நிரம்பினால் வெள்ளி பிரிக்கும் பட்டறைக்குப் போகும்.

"இத்தினி வருஷத்துல யாருக்காவது இது தோணுச்சா?" என்றார் டாக்டர், அஞ்சலாட்சியின் எதிரிலேயே.

(இங்கே ஜெயத்தைக் கர்வக்காரியாக்கிப் பார்த்தேன். எழுதச் சுலபமாக இருந்தது, பொய்யாகவும் இருந்தது. அவள் நல்லவள். அதைத்தான் அஞ்சலாட்சியால் தாங்க முடியவில்லை.)

3
ஒரு நாள் காலை, நிரம்பிய கேனை ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கிணற்றடியில் கவிழ்த்தார் அஞ்சலாட்சி. பழி ஜெயத்தின் மேல் விழட்டும். பின்வாசலில் ஜெயம் நின்றதை அவர் கவனிக்கவில்லை. புளித்த வாடையோடு மருந்து ஓடி, உடைந்த விளிம்பு வழியாகக் கிணற்றுக்குள் இறங்கியது. (இறங்கும் என்று தெரியுமா என்று கேட்டேன். என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.)

பக்கத்து வீட்டு மணியம்மாள் குடத்தோடு வந்தார். குழாயில் தண்ணீர் வராத நாள்.

"எடுக்காதீங்க! கிணத்துல மருந்து கலந்துடுச்சு!" அஞ்சலாட்சியே கத்திவிட்டார்.

டாக்டர் ஓடிவந்தார். "யாரு செஞ்ச வேல இது?"

"நான்தான் டாக்டர்" என்றாள் ஜெயம். "மூடிய சரியா போடாம வெச்சிட்டேன்."

கிணற்றை இறைக்க ஆள் சொல்லி அனுப்பிய டாக்டர், "தப்ப ஒத்துக்கற மனசு யாருக்கு வரும்!" என்று அதற்கும் அவளையே மெச்சினார்.

4
முதல் முடிவு: அஞ்சலாட்சி அழுதபடி ஜெயத்தைக் கட்டிக்கொண்டு… வேண்டாம். இரண்டாவது: வேலையை விட்டுவிட்டுக் காலாப்பட்டு பஸ்ஸில் ஏறி… அதுவும் வேண்டாம்.

நடந்தது இதுதான். இருட்டறைக்குள் ஜெயத்தை நிறுத்திக் கேட்டார் அஞ்சலாட்சி: "நான் ஊத்தினத பாத்துட்டுதான இருந்த? ஏன் உன் தலையில போட்டுக்கின?"

"உங்க வேல போயிடும்னுதான்க்கா."

"நான் செஞ்ச தப்பயும் நீயே எடுத்துக்கினா, எனக்குன்னு இங்க என்னாடி இருக்கு?"

விடுவிடுவென்று போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். வேலை போகவில்லை.

மனசு உறுத்திப் போனாரா, ஜெயத்துக்குக் கிடைத்த அந்தப் பாராட்டைப் பிடுங்கிக்கொள்ளப் போனாரா? நான் எழுதப்போவதில்லை. யார் மீதாவது பொறாமைப்பட்டிருப்பீர்களே, நீங்கள் சொல்லுங்கள்.