பின்பக்கக் கம்பி

முல்லைத்தீவுக்காரியான நிறஞ்சனா மின்னணுவியல் படித்தவள். தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை. மாங்குளத்துக்கு அப்பால், காட்டோரக் குடியிருப்பில் யானைகளால் தொல்லை என்றதும், வேலிக் கம்பி அசைந்தால் ஊருக்கே கேட்க அலாரம் அடிக்கும் பெட்டியொன்றைச் செய்து அங்கே வசிக்கும் அழகம்மாவின் வீட்டில் பொருத்தினாள். உள்ளே விரல்நகம் அளவில் ஒரு சிப். மின்சாரம் செலவாகாமல் அது உறங்கிக்கொண்டே இருக்கும். கம்பி அசைந்தால் விழிக்கும்.

“ஒரு வருசத்துக்குப் பற்றரி மாத்தத் தேவையில்லை” என்று அவள் ஊர்க் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆவணியில் யானை வந்தது. பெட்டி அடிக்கவேயில்லை. சமைக்கும் குசினியின் சுவர் விழுந்து, அழகம்மாவின் கணவர் வீரபாகுவுக்குக் கால் முறிந்தது.

மறுநாள் நிறஞ்சனாவும் நிறுவனப் பொறுப்பாளர் ஜெயந்தனும் போனபோது ஊரே முற்றத்தில் நின்றது. அழகம்மா அழுதுகொண்டே முன்னால் வந்தாள்.

“நான்தான் மிஸ், தூசியா இருக்குன்னு ஈரத்துணியால தொடச்சேன். அதுலதான் கெட்டுப்போச்சு. மன்னிச்சிருங்க.”

நிறஞ்சனா பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு துளி ஈரமில்லை. யானை நுழைந்த பின்பக்க வேலியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் தெரிவுசெய்த ஆழ்ந்த உறக்கத்தில் சிப்புக்கு முன்பக்க வேலிக் கம்பியின் அசைவு மட்டும்தான் கேட்கும். பின்பக்கத்தை இடையிடையே விழித்துப் பார்க்கும். அந்த இடைவெளியில்தான் யானை உள்ளே வந்திருந்தது. உறக்கத்தைக் குறைத்திருந்தால் இரண்டும் கேட்டிருக்கும். ஆனால் பற்றரி சில மாதங்களே தாங்கியிருக்கும். ஒரு வருடம் என்று சொல்லும் ஆசையில் அவள் இந்தக் குறையை யாரிடமும் சொல்லவில்லை.

“பெட்டியில பிழையில்லை. பாவிக்கிற ஆக்களுக்கு இன்னும் விளங்கப்படுத்தவேணும்” என்றார் ஜெயந்தன்.

நிறஞ்சனா பெட்டியை மூடித் திருகாணியை முறுக்கினாள். “உன்னாலதான் எங்களுக்கும் ஆபத்து” என்று யாரோ அழகம்மாவைப் பார்த்துச் சொன்னது, வாகனத்தில் ஏறிய பிறகும் அவள் காதில் விழுந்தது.

மாங்குளச் சந்தியில் வாங்கிய தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தாள். “நான் திரும்பிப் போறன்” என்றாள். ஜெயந்தன் தடுத்தும் கேட்காமல் ஓட்டோ பிடித்தாள்.

இடிந்த குசினியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அழகம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “நீங்கள் துடைச்சதால இல்லை, அம்மா. பிழை என்ரதான்.”

அழகம்மா கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள்.

“நான் அழுதப்ப இது தெரியுமா?”

“ஓம்.”

“தெரிஞ்சுக்கிட்டா நின்னீங்க?”

நிறஞ்சனா வெளியே வந்தாள். அயலவர்களை அவளே வீடுவீடாகப் போய்க் கூப்பிட்டாள். அதே முற்றத்தில் மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். இந்தமுறை கைதட்ட யாருமில்லை. அழகம்மாவைத் திட்டியவர் நிலத்தைப் பார்த்தபடி நகர்ந்தார்.

இரண்டு கம்பிகளையும் கேட்கும்படி சிப்பை மாற்றி, பலமுறை அசைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அலாரம் அடித்தது. அழகம்மா சோற்றுப் பார்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது அவளும் கூடப் போனாள். ஆஸ்பத்திரியில் அழகம்மா முன்னால் நடந்தாள். வீரபாகு இருந்த வார்டு வாசலில் நின்று திரும்பினாள்.

“அவரும் நான் தொடச்சதாலதான்னு நெனச்சிக்கிட்டுக் கெடக்காரு. உள்ள வந்து நீங்களே சொல்லுங்க.”

நிறஞ்சனா செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னால் உள்ளே போனாள்.