ஒன்றாம் வகுப்பின் ஒரே நூல்

ஜீவிதா டீச்சர் மாகறல் விவசாய வீட்டுப் பெண். தறி வீட்டுப் பிள்ளைகளுக்கே துணியைப் பற்றிப் பாடம் நடத்தும் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று காஞ்சிபுரத்தில் இன்னும் யாருக்கும் விளங்கவில்லை.

அன்றைக்கு மேற்பார்வையாளர் கண்ணாயிரம் வருகிறார். பாடம் அவருக்குப் பிடித்தால் ஒன்றாம் வகுப்பின் அறிவியல் அறை பிழைக்கும். பிடிக்காவிட்டால் அதில் சத்துணவு அரிசி மூட்டைகள் குடியேறும். மூட்டை வண்டி வாசலில் வந்தே நின்றுவிட்டது.

பட்டு, பருத்தி, கம்பளி, நைலான் என்று ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து, "நூல் நூலாப் பிரிச்சு வைங்கபா, லென்சுல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவரை அழைத்துவரப் போனாள் ஜீவிதா.

திரும்பி வந்தால் ஒரு தனி நூல்கூட இல்லை. அறுந்த நூலைக் கண்டால் தறி வீட்டுப் பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது. விரலில் சாம்பலைத் தொட்டு, தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலோடு புது நூலை முறுக்கிப் பிணைப்பதைப் பார்த்தே வளர்ந்ததுகள். சாம்பலுக்கு எங்கே போவது? நெற்றி எதற்கு இருக்கிறது! திருநீற்றைத் தொட்டுத் தொட்டு முறுக்கி எல்லாவற்றையும் ஒரே நூலாக்கி, ஜன்னல், பெஞ்சு, கரும்பலகை என்று சுற்றிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அந்த நூல் வாலாஜாபாத் ரயிலடியில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டிருக்கும்.

அறை போச்சு என்று ஜீவிதா வாசலில் நின்ற மூட்டை வண்டியைப் பார்த்தாள்.

"இன்னாமா இது? பிரிக்கச் சொன்னேன்னீங்களே?" என்றார் கண்ணாயிரம்.

முன் பெஞ்சு லோகாம்பாள் எழுந்தாள். "பிரிச்சோம் சார். அறுந்துக்கினு கெடந்துச்சு, சேத்துட்டோம்."

"எல்லாம் ஒட்டிச்சா?"

"பருத்திக்கும் கம்பளிக்கும் முடி இருக்குது, தானா பிடிச்சுக்குது. பட்டு மொட்டை. ஆனா திருநீறு பூசுனா சொன்ன பேச்சு கேக்குது. நைலானும் மொட்டைதான் சார், கேக்கவே மாட்டேங்குது. குமரன் அதுக்கு மட்டும் முடிச்சுப் போட்டுட்டான். நான் வேணாம்னேன்."

"போட்டுக் குடுக்கறியா நீ?" என்றான் குமரன்.

கண்ணாயிரம் லென்சை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் நெற்றித் திருநீற்றைத் தொட்டு நைலானை முறுக்க உட்கார்ந்தார். நெற்றி வெறிச்சோடியதுதான் மிச்சம்.

"சார், மூட்டையை எறக்கட்டா?" வண்டிக்காரர் முதல் மூட்டையோடு உள்ளே கால் வைத்தார்.

"நூல் அறுந்துடும்!" வகுப்பே அலறியது. வைத்த கால் அப்படியே பின்வாங்கியது.

"ஹெச்.எம். ரூம்ல எறக்குபா," என்றார் கண்ணாயிரம், தலை நிமிராமல். "இங்க வேலை நடக்குதுல்ல?"

ஜீவிதா கரும்பலகைக்குக் கீழே படிந்திருந்த சாக்பீஸ் தூளை ஒரு காகிதத்தில் அள்ளி அவர் முன்னே வைத்தாள்.

"இதைத் தொட்டுப் பாருங்க சார்."

"ஒட்டாது," என்றாள் லோகாம்பாள்.

"இருமா, பாப்போம்," என்று விரலை நீட்டினார் மேற்பார்வையாளர்.