ஆளுக்கு நாலு அரிசி

மஸ்ஜித் தானா பக்கத்து எஸ்டேட்டில் சிவசாமி வாத்தியாருக்கு ஒரு புது உத்தரவு வந்தது. மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டைபோட்டுக்கொண்டிருந்த சமயம். தமிழ்ப் பள்ளிகளிலும் இனி விஞ்ஞானம் உண்டு. ஒப்பிக்க வைத்தால் போதாது, செய்து காட்ட வேண்டும். பார்க்க அதிகாரி வருவார். உத்தரவு போட்ட புண்ணியவான்கள் ஒரு கண்ணாடிக் குழாய்கூட அனுப்பவில்லை. வாத்தியார் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கொஞ்சம் அயோடின் வாங்கிவந்தார். அரிசியில் ஒரு சொட்டு விட்டால் நீலமாகும், மாவுச்சத்து இருப்பது தெரியும். பிள்ளைகளிடம் ஆளுக்கு நாலு அரிசி கொண்டுவரச் சொன்னார்.

அங்கேதான் அவர் புத்தி தடுமாறியது. வீடுகள் முள்வேலிக்குள்ளே, பள்ளிக்கூடம் வெளியே. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேருமென்று, வேலியைத் தாண்டி ஒருவரும் அரிசி கொண்டுபோகக் கூடாதென்பது சர்க்கார் கட்டளை. ஒரு இலாகா சொல்வது இன்னொரு இலாகாவுக்குத் தெரிந்தால்தானே? நாலு அரிசியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவரும் நினைத்துவிட்டார்.

ரப்பர்ப் பால்மரம் வெட்டும் முனியம்மா அப்படி நினைக்கவில்லை. மகளுக்கு எழுத்து அறிவித்த நாளில் தாம்பாளம் நிறைய அரிசி பரப்பி, அதில் விரல் பிடித்து எழுதவைத்தவள் அவள். படிப்பிக்கிறவர் அரிசி கேட்டால் கிள்ளியா கொடுப்பது? வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த பங்கீட்டு அரிசியில் ஒரு படி அளந்து, மஞ்சள் துணியில் முடிந்து, மகளோடு தானே வேலிக் கேட்டுக்கு வந்தாள்.

வாத்தியார் கேட்டருகே வந்து சேர்ந்தபோது முடிச்சு சோதனை மேசைமேல் அவிழ்ந்து கிடந்தது. போலீஸ் லாரி உறுமிக்கொண்டு நின்றது. மற்றப் பிள்ளைகள் சோதனைக்காக வரிசையில் காத்திருந்தார்கள். முனியம்மா அவரைப் பார்த்தாள். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அரிசி யாருக்கு என்று போலீஸ் சார்ஜன் எத்தனை தரம் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் அவளுக்கு மனம் வரவில்லை என்பது வாத்தியாருக்குப் புரிந்தது. பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டால் யார் கேட்பது? கால் வீட்டுப் பக்கம் திரும்பியது; ஆனாலும் மேசைப் பக்கம் போனார்.

“நான்தான் கேட்டேன். பாடத்துக்கு,” என்றார் மலாய் மொழியில்.

சார்ஜன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எவ்வளவு கேட்டாய் என்றார்.

வாத்தியார் மனதுக்குள் கணக்குப் போட்டார். நாலு அரிசி என்று உண்மையைச் சொன்னால், மீதி யாருக்கு என்று அவளை உலுக்குவார்கள். அவள் என்ன சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஒரு படி என்று பொய் சொன்னால், வீட்டுக்கு ஒரு படி வாங்கிக் காட்டுக்கு அனுப்புகிறவன் என்று தன்னைக் கொண்டுபோவார்கள். விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே கிடப்பவர்களை அவருக்குத் தெரியும்.

“ஒரு படி.”

“நாலு அரிசிதானே சார் கேட்டீங்க... நான்தான் மரியாதைக்கு...” என்று முனியம்மா தமிழில் கதறினாள். சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது. அவளைப் போகச் சொல்லிவிட்டு, வாத்தியாருக்கு லாரியைக் காட்டினார்.

“சும்மா இரும்மா. புள்ளைய கூட்டிட்டு வீட்டுக்குப் போ,” என்றார் வாத்தியார். ஒரு போலீஸ்காரன் அவரை லாரியில் தூக்கிவிட்டான்.

லாரி நகர்ந்தபோது வரிசையைப் பார்த்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக மூடிய கையை வாயருகே கொண்டுபோய், நாலு அரிசியையும் மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.