மூன்று எழுத்துச் சோம்பல்

மார்ச் பதினொன்றாம் தேதி காலை ஒன்பது பத்துக்குப் பேருந்து நிலையத்தின் பதினான்கு அறிவிப்புத் திரைகளும் வெறுமையாயின.

பத்தரைக்குள் பழி, நேர அட்டவணைக் கோப்பை எழுதியவள் தலையில் விழுந்துவிட்டது. மேலாளர் எச்சரிக்கைக் கடிதத்தை அச்சடித்தே வைத்திருந்தார்.

"மூணு வருஷமா ஓடுற கோப்பு சார். நான் தொடவே இல்ல. சர்வர்ல யாரு கை வச்சாங்கன்னு கேளுங்க."

சர்வர் பொறுப்பாளர் சாவகாசமாகத் தேநீரை உறிஞ்சினார். "பெருசா ஒண்ணுமில்லம்மா. பிஎச்பி நிரலை <?php-ன்னு முழுசா எழுதாம, வெறும் <?-ன்னு ஆரம்பிக்க இன்னிக்குக் காலைல சர்வர்ல வழி பண்ணேன். விரல் வலிக்குதுல்ல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, என் கோப்பு எக்ஸ்எம்எல். நிரல் இல்ல, வெறும் தகவல். முதல் வரியே <?xml-ன்னுதான் ஆரம்பிக்கும். அது பிஎச்பி வழியாத்தானே திரைக்குப் போகுது? அந்த ரெண்டு குறியப் பாத்ததும் சர்வர் அதையும் நிரல்னு நெனச்சு ஓட்டப் பாத்திருக்கு. புரியாம நின்னுடுச்சு. உங்க மூணு எழுத்துச் சோம்பலுக்கு என் வேலையா பலி?"

"அந்த வரிய மாத்திக்கோயேன்."

"ஊரே அப்படித்தாண்ணே எழுதுது! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா?"

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல திரை ஓடட்டும்."

பொறுப்பாளர் சர்வரைப் பழையபடி மாற்றினார். பதினொன்று ஐந்துக்குத் திரைகள் ஓடின. மேலாளர் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். வேறு யார் பெயருக்கும் கடிதம் அச்சாகவில்லை.