நகத்தில் நீலம்

அவன் ஊசி டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினான். பொத்தான்கள், கொக்கிகள், துணியில் குறி போடும் சாக்கட்டித் துண்டுகள். சாவி மட்டும் இல்லை. மனைவியைக் கூடத்தில் கிடத்திவிட்டு, புருஷன்காரன் உள்ளே ஸ்டோர் ரூம் சாவியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நினைத்துவிட்டுப் போகட்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவளை அனுப்பிவைக்க அவனுக்கு மனசில்லை.

மைத்துனி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"மாமா, அக்கா நகத்துல ஏதோ நீலமா ஒட்டியிருக்கு. சோப்பு போட்டுத் தேய்ச்சுப் பாத்துட்டேன், போகவே மாட்டேங்குது. என்ன அது?"

"என்னைக் கேட்டா? உங்க அக்காவைத்தான் கேக்கணும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

நேற்றுக் காலை தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு என்றார் டாக்டர். அப்போதிலிருந்து அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுகை தொண்டைவரை வரும். அதற்குள் சந்தேகம் முந்திக்கொள்ளும். அவள் முகத்தைக்கூட அவன் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

சந்தேகம் ஒன்றா, இரண்டா? ஸ்டோர் ரூமுக்குப் புதுப் பூட்டு. கேட்டால் வாடிக்கையாளர் துணி இருக்கிறதாம். கட்டிலின் தலைப்பலகை திடீரென்று காணாமல் போனது. கரையான் அரித்துவிட்டதாம். இரும்பு மாதிரி இருந்த பலகையை எந்த ஊர்க் கரையான் அரிக்கும்? நன்றாகக் காதில் பூ சுற்றினாள். தலைமுடியில் மரத்தூள், புடவையில் வார்னிஷ் வாசனை, தையல் மெஷின் பாபினில் நூலுக்குப் பதிலாக மயிரிழை மாதிரி செம்புக் கம்பி. சனிக்கிழமையானால் நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்புவாள். நூலே இல்லாமல் திரும்பி வருவாள், அதுவும் சிரித்த முகத்தோடு. இப்போது இந்த வயதில் நகப்பூச்சு, அதுவும் நீலத்தில்.

போதாததற்கு இன்று காலை அவள் போன் அடித்தது. எடுத்தான். ஒரு ஆண் குரல்.

"அக்கா, கழுத்து ரெடி. வந்து எடுத்துக்கிறீங்களா?"

அவள் இறந்துவிட்டாள் என்று சொன்னான். "வர்றேன்" என்றது குரல். அக்காவாம். இப்போதெல்லாம் எல்லாப் பயல்களும் அக்கா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

சாவி கடைசியில் தையல் மெஷினின் இழுப்பறையில், செம்புக் கம்பி சுற்றிய பாபின்களுக்கு அடியில் கிடைத்தது. அதை வலது கையில் இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, போனில் பேசிய ஆள் கூடத்துக்கு வந்திருந்தான். தாடி, கசங்கிய சட்டை, கையில் துணி சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. அவள் காலடியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். பார்த்துக்கொண்டிருந்த அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின புருஷன் அழவில்லை, இவன் யார் அழுவதற்கு?

"நீங்க கொஞ்சம் உள்ள வாங்க" என்று ஸ்டோர் ரூம் பக்கம் கூட்டிப்போனான். இடது கை வழக்கம்போல் ஜிப்பாப் பையில் இருந்தது.

அந்தக் கை எப்போதும் பைக்குள்தான். கல்யாணமான மறுவருஷம் தொழிற்சாலை பிரஸ் மெஷின் நடுவிரலையும் மோதிர விரலையும் கொண்டுபோனது. அதுவரை வேலை முடிந்ததும் அவன் கிட்டார் வாசிப்பான். அவளே அதைக் கேட்டுத்தான் மயங்கினாள் என்று மைத்துனி இன்றும் கிண்டல் செய்வாள். கம்பியை அழுத்த விரல் இல்லை என்றானதும் கிட்டாரைக் கண்காணாமல் யாருக்கோ கொடுத்துவிட்டான். அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டமே ஆகிவிட்டது.

"உங்களுக்கும் அவளுக்கும் என்ன பழக்கம்?"

தாடிக்காரன் விழித்தான். "சார், நான் கிட்டார் ரிப்பேர் பண்றவன். அவங்க என்கிட்ட கத்துக்கிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"என்னத்தைக் கத்துக்கிட்டா?"

"கிட்டார் செய்ய."

அவன் பூட்டைத் திறந்தான். துணி மாட்டும் கம்பியில், ஹேங்கரில் தொங்கியது ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல். கழுத்தும் கம்பிகளும் இல்லை. பளபளவென்று வானநீலம். கீழே மரத்தூள், உப்புத்தாள், தலைப்பலகையின் மிச்சத் துண்டு. மூலையில் ஒரு சின்ன டப்பா, காயாத நீலத்தோடு.

"சத்தத்தைப் பிடிக்கிற காயிலைக்கூடத் தையல் மெஷின்லதான் சுத்தினாங்க. நான் சிரிச்சேன். வேலை செஞ்சதும் வாயை மூடிக்கிட்டேன்." தாடிக்காரன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஆனா முதல்லயே ஒரு தப்பு நடந்துபோச்சு. கிட்டார் வடிவ அச்சைக் குப்புற வெச்சு வெட்டிட்டாங்க. கீழ வரவேண்டிய வளைவு மேல வந்துடுச்சு. புதுசா செய்யறவங்க பண்றதுதான். வேற பலகை தரேன்னேன். அதுவே இருக்கட்டும்னுட்டாங்க."

துணியைப் பிரித்துக் கழுத்தை நீட்டினான். "இதையும் அதுக்கேத்த மாதிரி மாத்திச் செய்யச் சொன்னாங்க. இடது கைக்காரங்க வாசிக்கிற மாதிரி. வீட்ல யாரு சார் இடது கை?"

"யாரும் இல்ல."

"அப்ப யாருக்குன்னு எனக்கும் புரியல. போன வாரம் திடீர்னு ஒண்ணு கேட்டாங்க. வலது கையால கம்பியை அழுத்திட்டு, இடது கையில கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்தா மீட்ட முடியுமான்னு. தாராளமா முடியும்னேன். அன்னிக்கு அவங்க சந்தோஷத்தைப் பாக்கணும்."

அவன் கழுத்தை வலது கையில் வாங்கினான். நாலு விரலும் அதன் மேல் தானாக வளைந்து, கம்பியில்லாத இடத்தில் ஏதோ ஒரு பழைய பிடியைப் பிடித்தன. இத்தனை மாதமும் அவளை எப்படியெல்லாம் நினைத்தோம் என்று எண்ணியபோது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சார், உக்காருங்க" என்றான் தாடிக்காரன்.

வெளியே அவளை ஏற்றிப்போக வேண்டிய வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கழுத்தை நீல உடலுக்குப் பக்கத்தில் பத்திரமாகச் சாய்த்துவைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தான். மைத்துனி மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து, அக்காவின் விரலைப் பிடித்துத் தேய்க்கப் போனாள்.

"விடும்மா" என்றான். "அதுவே இருக்கட்டும்."

அவள் பஞ்சைக் கீழே வைத்தாள். அவன் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஜிப்பாப் பையிலிருந்து இடது கையை வெளியே எடுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீல நகமுள்ள அவள் விரல்களைத் தன் மூன்று விரல்களுக்குள் எடுத்து வைத்துக்கொண்டான்.

வண்டிக்காரர் வாசலில் வந்து நின்று, செருப்பைக் கழற்றினார். அவர்களைப் பார்த்துவிட்டு அங்கேயே காத்திருந்தார்.